எவர் நா நமக்கு அளவுகோல்?



சென்ற கல்வியாண்டில் எம் பள்ளியின் காலைக் கூட்டத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை உங்கள்முன் வைக்கின்றேன். செய்தி சிறியது, அதன் அடியில் கிடக்கும் நோய் பெரியது.

தகடூர் மாவட்டத்தில் ஏறத்தாழ முப்பதாண்டுகளாய்த் தமிழாசிரியனாய் இருக்கின்றேன். அரசினர் ஏடுகளில் அது தருமபுரி மாவட்டம். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊரைத் தகடூர் என்று எழுதுவதே எமக்கு இனிது. எம் பள்ளியில் நாள்தோறும் காலையில் ஒருவர் தமிழ்ச் செய்தியும் மற்றொருவர் ஆங்கிலச் செய்தியும் படிப்பது வழக்கம். அன்று ஆங்கிலச் செய்தி படிக்க வந்தவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி; சித்தேரி மலைப்பக்கத்துச் சிற்றூரினள்; அவள் குடும்பத்தில் ஒன்பதாம் வகுப்பை எட்டிய முதற்பிள்ளை. தேர்வுநாள்களின் பட்டியல் வெளியானது பற்றிய செய்தி அது. பட்டியலுக்கும் நிகழ்ச்சிநிரலுக்கும் ஆங்கிலர் பொதுவாய் வழங்கும் அந்தச் சொல்லை அவள் 'செடூல்' என்று படித்தாள்.

மேடையில் அன்று விருந்தினர் இருவர் இருந்தனர். ஒருவர், மாணவர்க்கு ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி தர வந்த இளைஞர். மற்றவர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். இளைஞர் இடைமறித்து, "'ஸ்கெட்யூல்' என்று சொல்" என்றார். முதியவர் விடுவாரா? "அஃது அமெரிக்கர் கொச்சை; 'ஷெட்யூல்' என்பதே இலண்டன் செம்மை" என்றார். (ஒலிவேறுபாட்டைக் காட்ட வேறு வழியின்மையின் இச்சொல்லளவில் அயலெழுத்துகளை ஆள நேர்ந்தது, படிப்பவர் பொறுத்தருள்க.) கணிப்பொறியையும் அமெரிக்கத் திரைப்படங்களையும் ஒருவர் சான்றுக்கு அழைத்தார். வெள்ளைக்காரப் பேராசிரியரிடம் கற்ற பழம்பெருமையை மற்றவர் அவிழ்த்தார். பிள்ளைகள் வெயிலில் நின்றனர். கால்மணி நேரம் வழக்காடியும் இருவர்க்கும் உடன்பாடு ஏற்படவில்லை. ஒன்றே ஒன்றில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டனர்: அந்தச் சிறுமி சொன்னது தவறு! கூட்டம் சிரித்தது. அவள் தாளை மடித்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பினாள்.

அடுத்த கிழமை தமிழ்ச் செய்தி படிக்கும் முறை அவளுக்கு வந்தது. "எனக்கு வராதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டாள். தமிழ் வராதாம்! வகுப்பில் குறட்பாக்களைத் தடங்கலின்றி ஒப்பிக்கும் பிள்ளை அவள். லகர ளகர ழகரங்களை அவளைப் போல் வேறுபடுத்தி ஒலிப்பார் ஆசிரியருள்ளும் சிலரே. ஓர் அயற்சொல்லின் முதலெழுத்தைப் பற்றி இருவர் நடத்திய வழக்கில், ஒரு தமிழ்ப்பிள்ளையின் தாய்மொழி வாய் அடைக்கப்பட்டது. இதனினும் கொடிய இழப்பு உண்டோ?

அச்சொல்லின் பிறப்பையும் வளர்ப்பையும் தேடிப் படித்தேன். படித்தபின் சினமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

கோரைத்தாளின் சிறு நறுக்கைக் குறித்த இலத்தீனச் சொல் அது. அதற்கும் முன்னோர் கிரேக்க வேர் உண்டு. நம் முன்னோர் ஓலைநறுக்கு என்றார்களே, அதனைப் போன்றது. இலத்தீனத்திலிருந்து பிரஞ்சுக்குப் போய், பிரஞ்சிலிருந்து 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துள் நுழைந்தது. நுழைந்தபோது ஆங்கிலர் அதனை எப்படி ஒலித்தனர்? ஸகரத்தை முதலாகக் கொண்டு 'ஸெட்யூல்' என்றே ஒலித்தனர், எழுதியதும் அவ்வொலிக்கேற்பவே. பின்னர்த் தோன்றிய புலமையாளர், சொல்லுக்கு இலத்தீனத் தோற்றம் வரவேண்டுமென்று எழுத்தைக் கூட்டினர். எழுத்து மாறியதேயன்றி மக்கள் நா மாறவில்லை.

1791-இல் சான் வாக்கர் என்பார் இலண்டனில் ஆங்கிலப் பலுக்கல் அகரமுதலி ஒன்றை வெளியிட்டார். நெடுங்காலம் ஆங்கிலர்க்கு ஒலிப்பு வழிகாட்டியாய் விளங்கிய நூல் அது. இச்சொல்லைப் பற்றி அவர் கூறுவதன் கருத்து இது: இலத்தீனத்தைப் பின்பற்றினால் 'ஸ்கெ' என்று தொடங்க வேண்டும், பிரஞ்சைப் பின்பற்றினால் 'ஷெ' என்று தொடங்க வேண்டும், ஆயினும் மக்கள் வழக்கில் ஊன்றிவிட்டது 'ஸெ' என்பதே, அதனை இனி மாற்றவியலாது. இலண்டன் ஒலிப்புக்கு வரம்பு கட்டியவரே இவ்வாறு எழுதினார். ஆனால் மாற்றவியலாது என்று அவர் எண்ணியது ஒருசில தலைமுறைகளுள் மாறிப் போயிற்று. அமெரிக்க நாட்டில் நோவா வெப்சுடர் 1828-இல் வெளியிட்ட பேரகரமுதலி கிரேக்க வேரைக் கருதிய 'ஸ்கெ' ஒலிக்குத் துணைநின்றது. கடலின் இக்கரையில் பிரித்தானியர் 'ஷெ' ஒலிக்கு நகர்ந்தனர். இக்கால் பிரித்தானிய இளைஞர் பலரும் அமெரிக்கர் ஒலிப்புக்கே மாறி வருகின்றனர். நாளை எதற்கு மாறுவரோ!

தமிழ்மக்களே, எண்ணிப் பாருங்கள். நூற்றாண்டுக் கணக்கில் ஆங்கிலர் நாவில் வழங்கியது 'ஸெட்யூல்'. எம் மாணவி படித்தது 'செடூல்'. சொன்முதற் சகரத்தை இப்பகுதியினர் மெல்ல ஒலிப்பர். ஆகலின் இரண்டற்கும் இடைவெளி மிகச் சிறிது. மேடையிலிருந்த இருவர் கூற்றினும், அந்தச் சிறுமியின் கூற்றே ஆங்கிலத்தின் பழவழக்குக்கு அணுக்கமானது! கற்றறிந்தார் இருவரும் தவறென்று தள்ளியது, வாக்கர் அகரமுதலி சரியென்று கொண்டதற்கு அடுத்த வீடு!

அவளுக்கு அவ்வொலி எங்கிருந்து வந்தது? வாக்கரிடமிருந்தா? இல்லை, தந்தையிடமிருந்து. 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் ஒடுக்கப்பட்ட சாதிகளை ஒரு பட்டியலில் அடக்கி, இதே ஆங்கிலச் சொல்லால் அவர்க்குப் பெயரிட்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு பழங்குடியினர்க்கும் அப்பெயரை நீட்டியது. சித்தேரி மலைவாழ் மக்கள் அப்பட்டியலில் உள்ளவர்கள். பிள்ளையின் சான்றிதழுக்காக அலுவலகப் படிகளில் ஏறியிறங்கும் தந்தை அச்சொல்லை எப்படிச் சொல்வாரோ, அப்படியே மகளும் சொன்னாள். தம் குடிக்கு அயலார் சூட்டிய பெயரைத் தம் நாவுக்கு இயன்றவாறு சொன்னதற்காகவா ஒரு பிள்ளை தலைகுனிவது?

இவற்றையெல்லாம் அவளிடம் எடுத்துரைத்தேன். பொறுமையாய்க் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே ஒரு வினா வினவினாள்: "அப்படியானால் அன்றைக்கு ஏன் ஐயா சிரித்தார்கள்?"

இவ்வினாவுக்கு விடை சொல்லவே இக்கட்டுரை. அவர்கள் ஒலியைக் கண்டு சிரிக்கவில்லை. ஒலித்த வாயைக் கண்டு சிரித்தார்கள். அமெரிக்கர் மாற்றினால் அஃது அகரமுதலி ஏறும். இலண்டனார் மாற்றினால் அது செம்மை எனப்படும். மலையடிவாரத்துப் பிள்ளை மாற்றினால் மட்டும் அது கொச்சை! வேறுபாடு ஒலியில் இல்லை. ஒலிப்பவரின் கையிலுள்ள வலிமையில் இருக்கின்றது.

ஒவ்வொரு மொழிக்கும் தனக்கென ஒலியியல்பு உண்டு. அயற்சொல் வந்தால் அவ்வியல்புக்குள் அடங்கியே வாழும். நம் சிற்றூர் மக்கள் பள்ளிக்கூடத்தை ஆங்கிலத்தில் சொல்ல நேர்ந்தால் 'இசுகூல்' என்கின்றனர். படித்தவர் நகைக்கின்றனர். அச்சொல்லுக்கு வேரான இலத்தீனச் சொல்லை இசுபானியர் என்ன செய்தனர்? முன்னே ஓர் எகரம் இட்டு 'எசுகுவேலா' ஆக்கினர். பிரஞ்சுக்காரரும் முதலில் எகரம் இட்டனர். பிறகு நடுவிலிருந்த ஸகரத்தையும் விழுங்கி 'எக்கோல்' ஆக்கினர். சொன்முதலில் ஸகர மெய் வேறொரு மெய்யோடு இணைந்து நிற்பதை அவர் நா ஏற்கவில்லை. உயிரொன்றை முன்னே நிறுத்திக்கொண்டது. நம் உழவரும் இகரத்தை நிறுத்தி அதனையே செய்கின்றனர். இசுபானியர் செய்தது இலக்கணம். நம்மவர் செய்தது நகைப்புக்குரியதோ?

தொல்காப்பியர் இவ்வியல்பை நன்கறிந்திருந்தார். எழுத்ததிகாரப் பிறப்பியலில், வயிற்றிலிருந்து எழும் வளி நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, நா, பல், இதழ், மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாய்ப் பிறக்குமாற்றை வகுத்துரைத்தார். மொழிமரபில் எவ்வெழுத்துகள் சொன்முதலில் வரும் என வரையறுத்தார். வடசொல் தமிழில் வழங்க நேர்ந்தால் வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என எச்சவியலில் நெறி வகுத்தார். சொல்லுக்காகத் தமிழன் நாவை வளைக்குமாறு அவர் சொல்லவில்லை. தமிழுக்காகச் சொல்லை வளைக்குமாறு சொன்னார். அந்நெறி வடசொல்லுக்கு மட்டுமோ? இலண்டனிலிருந்து வந்தாலும் நியூயார்க்கிலிருந்து வந்தாலும் விருந்தாளி வீட்டு ஒழுங்குக்கு அடங்கத்தான் வேண்டும்.

ஆங்கிலரும் இந்நெறியைத்தானே கடைப்பிடித்தனர்? நம் கட்டுமரத்தைக் 'கேட்டமரான்' ஆக்கினர். சுருட்டைச் 'செரூட்' ஆக்கினர். மிளகுத்தண்ணீரை 'முல்லிகட்டானி' ஆக்கித் தம் உணவுப்பட்டியலில் சேர்த்தனர். தூத்துக்குடி 'டூட்டிகோரின்' ஆயிற்று; திருவல்லிக்கேணி 'டிரிப்ளிகேன்' ஆயிற்று. மிளகுத்தண்ணீரைத் திருத்தமாய்ச் சொல்லவில்லை என்று எந்த ஆங்கிலச் சிறுவனாவது கூட்டத்தில் நிறுத்தப்பட்டானா? திருவல்லிக்கேணியைச் சிதைத்த எந்தத் துரையாவது நாணித் தலைகுனிந்தானா? அவர்கள் சிதைத்த வடிவங்களையே நாம் பெயர்ப்பலகைகளில் எழுதித் தொங்கவிட்டோம்! 2020-ஆம் ஆண்டு சூன் திங்களில், 1018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழொலிக்கு ஏற்ப எழுதுமாறு தமிழ்நாட்டரசின் ஆணை வெளிவந்தது. ஒலிபெயர்ப்பு முறையைப் பற்றி மறுப்புகள் எழுந்தன. அத்திங்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. முறையில் குறையிருப்பின் திருத்தியிருக்கலாம். ஆயினும் நம் ஊர்ப்பெயரை நம் நாவுக்கு ஏற்ப அயலெழுத்தில் எழுதுவதே நகைப்புக்குரியது எனப் பலர் பேசினரே, அந்த உள்ளப்பாங்கைத்தான் சொல்கின்றேன்.

'இலண்டன் செம்மை' என்றாரே முதியவர், அதனையும் சற்று உரசிப் பார்ப்போம். 1792-இல் திப்புவுடன் செய்த உடன்படிக்கையால் பாராமகால் பகுதி கும்பினியார் கைக்குச் சென்றது. அலெக்சாந்தர் ரீடின்கீழ் இப்பகுதியின் வரித்தண்டலைச் சீர்செய்ய அமர்ந்து, இதே தகடூரில் தங்கியிருந்தவர் தாமசு மன்றோ. 1820 முதல் 1827 வரை சென்னை ஆளுநராய் இருந்தவர். அவர் இலண்டன்காரரா? இல்லை, இசுகாத்துலாந்தின் கிளாசுகோ நகரில் பிறந்தவர். இசுகாத்துலாந்தியர் சொல்லிறுதி ரகரத்தை முழுமையாய் உருட்டுவர். இலண்டனார் அதனை விழுங்கிவிடுவர். அன்று மன்றோ தாங்கிய படைநிலைகளுள் ஒன்றன் பெயரைப் பிரித்தானியர் 'லெப்டினண்டு' என்பர். அமெரிக்கர் 'லூட்டினண்டு' என்பர். பிரித்தானியர் ஒலிக்கும் பகரத்துக்கு அச்சொல்லின் எழுத்தில் இடமேயில்லை! ஒரே மொழி, ஒரே எழுத்து, ஆளுக்கோர் ஒலி. இதில் எது செம்மை? எது கொச்சை?

ஆங்கிலர்க்கே இந்தக் குழப்பம் தீரவில்லை. பி.பி.சி. வானொலியார், அறிவிப்பாளர் எச்சொல்லை எப்படி ஒலிப்பது என்று முடிவுசெய்ய 1926-இல் அறிஞர் குழுவொன்றை அமைத்தனர். அரசவைப் பாவலர் இராபர்ட்டு பிரிட்சசு அதற்குத் தலைவர். அவருக்குப் பின் தலைமையேற்றவர் பெர்னார்டு சா. அவரோ அயர்லாந்தில் பிறந்தவர்! ஆங்கிலச் சொல்லின் ஒலிப்புக்குத் தீர்ப்புரைக்க அயர்லாந்துக்காரர் தலைமை தாங்கினார். குழுவினுள்ளும் கருத்து வேறுபாடு ஓயவில்லை. 1939-இல் போர் மூண்டதோடு அக்குழுவும் முடிந்தது. பிறந்த வீட்டிலேயே தீராத வழக்குக்கு நம் பள்ளிப்பிள்ளைகள் ஏன் ஒறுப்புக் கட்ட வேண்டும்?

"எல்லாம் சரி ஐயா, வயிற்றுப்பாட்டுக்கு ஆங்கிலம் வேண்டாவா? ஒசூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகும் எம் பிள்ளைகள் இப்படிப் பேசினால் யார் சேர்ப்பார்?" என்று பெற்றோர் கேட்பர். முறையான கேள்வி, மறுமொழி சொல்லாமல் நழுவுவது ஆசிரியனுக்கு அழகன்று.

ஆங்கிலம் கற்க வேண்டா என்று யான் சொல்லவில்லை. நன்றாய்க் கற்கட்டும், நாவிலும் பழகட்டும். ஆனால் அந்த வேலைக்களத்திலேயே நடப்பதைப் பாருங்கள். அயல்நாட்டாரின் தொலைபேசி அழைப்புகளுக்கு விடைசொல்லும் அலுவலகங்கள் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெங்களூரிலும் சென்னையிலும் பெருகின. அங்கே அமெரிக்கரோடு பேச அமர்த்தப்பட்டவர்க்கு அமெரிக்க ஒலிப்பில் பயிற்சி. பிரித்தானியரோடு பேச அமர்த்தப்பட்டவர்க்குப் பிரித்தானிய ஒலிப்பில் பயிற்சி. அங்கே சரியென்றும் தவறென்றும் ஒன்றில்லை. மறுமுனையில் பேசுபவர் யார் என்பதே கேள்வி. ஆகவே அயலொலிப்பு என்பது தொழிற்களத்தில் அணியும் உடுப்பு. வேண்டும்போது அணியலாம், வாயிலைக் கடந்ததும் களையலாம். உடுப்பைத் தோலென்று கருதி, அஃதில்லாதவனை அம்மணன் என்று நகைப்பதுதான் அடிமைத்தனம். இரண்டு ஒலிப்புகளையும் சொல்லிக் கொடுத்து, "இவ்வூரார் இப்படிச் சொல்வர், அவ்வூரார் அப்படிச் சொல்வர்" என்று கற்பித்தால் பிள்ளை இரண்டையும் ஒரு கிழமையில் பிடித்துக்கொள்ளும். கேலி செய்து கற்பித்தால் ஒன்றையும் கற்காது. வாய் திறக்கவே அஞ்சும். அஞ்சிய வாயை எந்த நேர்காணலில் எவர் தேர்ந்தெடுப்பர்?

இனி, இந்நிகழ்ச்சியில் யான் இதுவரை சொல்லாது விட்ட பகுதியைச் சொல்கின்றேன். ஆங்கிலப் பயிற்சி தரவந்த அவ்விளைஞர், அன்று தம் பேச்சை முடிக்கையில் கைகளை உயர்த்தி "வால்க தமில்!" என்றார். எவரும் சிரிக்கவில்லை. கூட்டம் கைதட்டியது. முதியவரும் தட்டினார். ஆங்கிலச் சொல்லின் ஓர் ஒலி பிழைத்ததற்காக நகைத்த அதே கூட்டம், தமிழின் பெயரே சிதைக்கப்பட்டபோது மகிழ்ந்து ஆர்ப்பரித்தது! யானோ? சிறுமியை நகைத்தபோதும் வாளாவிருந்தேன். தமிழ் 'தமில்' ஆனபோதும் வாளாவிருந்தேன். விருந்தினர் மனம் நோகுமே என்று எண்ணினேன். தமிழாசிரியன் என்று பெயர் வைத்துக்கொண்டு இரண்டிடத்தும் வாய்மூடி நின்ற குற்றம் என்னுடையது. பிறரைச் சாடுமுன் இதனை ஒப்புக்கொள்வதே முறை.

ஆகலின், தமிழன்பர்களே, செயலுக்கு வருவோம்.

முதலாவது: அயற்சொல்லை ஒலிப்பதில் பிழைத்தார் என்று எந்தப் பிள்ளையையும் எவரும் நகைக்க விடலாகாது. அவ்விடத்திலேயே எழுந்து தடுக்க வேண்டும். பின்னர்க் கட்டுரை எழுதுவது போதாது. யான் பட்டறிந்து சொல்கின்றேன்.

இரண்டாவது: நமக்குச் சொல் இருக்கும்போது அயற்சொல்லை எப்படி ஒலிப்பது என்னும் வழக்கே எழ வேண்டுவதில்லை. தேர்வுப் பட்டியல், நிகழ்ச்சிநிரல், வேலைத்திட்டம், பட்டியலினம் என இடத்துக்கேற்ற தெளிந்த தமிழ்ச் சொற்கள் நம்மிடம் உள்ளன. அவற்றை நாவில் நிறுத்துவோம். தமிழ்ப் பேச்சினிடையே அயற்சொல்லை இழுத்து வந்து, அதற்கு இலண்டன் மெருகும் நியூயார்க்கு மெருகும் தேடுவானேன்?

மூன்றாவது: தமிழ் ஒலிகளைப் பிறப்பியல் நெறிப்படி பிள்ளைகளுக்குப் பயிற்றுவோம். லகரத்துக்கும் ளகரத்துக்கும் ழகரத்துக்கும் நா எங்கெங்கே செல்கின்றது, ரகரமும் றகரமும் எங்ஙனம் வேறுபடுகின்றன என்பதை முதல் வகுப்பிலிருந்தே செய்துகாட்டுவோம். தாய்மொழியின் ஒலிகளைத் துல்லியமாய் ஆளும் நா, எந்த அயலொலியையும் எளிதில் பற்றிக்கொள்ளும்.

நான்காவது: மேடையேறும் எவராயினும், அமைச்சராயினும் அறிஞராயினும், 'தமில்' என்று சொன்னால் கைதட்டாதீர்கள். அடக்கமாய், அன்பாய், அங்கேயே திருத்துங்கள்.

அம்மாணவிக்கு அடுத்த திங்களில் மீண்டும் தமிழ்ச் செய்தி படிக்கும் முறை வருகின்றது. பெயரைப் பட்டியலில் எழுதி வைத்திருக்கின்றேன். "வருவாயா?" என்று கேட்டேன். "பார்க்கிறேங்க ஐயா" என்றாள். அன்று அவள் வாய் திறந்தால், அது மலையடிவாரத்து ஒரு குடிலின் வெற்றி மட்டுமன்று. தமிழ் தன் வீட்டில் தலைநிமிர்ந்த நாள். திறவாவிடின், அந்த வாயைப் பூட்டிய கைகளுள் என் கையும் ஒன்று. சிரித்தவர் கையும் ஒன்று. சிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ஒவ்வொருவர் கையும் ஒன்று.

அமெரிக்கன் தன் நாவுக்கேற்பப் பேசுகின்றான். ஆங்கிலன் தன் நாவுக்கேற்பப் பேசுகின்றான். தமிழனே, உனக்கும் ஒரு நா உண்டு. அதனை முதலில் நீ மதி!